மூன்று சின்னக் கல்லூரிகள், மே 1 கெடு: எதைப் பார்த்து முடிவெடுப்பது?

திருச்சியிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். கணிதமும் பொருளாதாரமும் சேர்த்துப் படிக்க ஆசை, பிறகு பிஎச்டி வரை போகும் எண்ணமும் உண்டு. அமெரிக்காவில் கிரின்னல், மக்காலெஸ்டர், பிரின் மார் என்று மூன்று லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. மூன்றுமே உதவித்தொகை தருகின்றன, தொகைதான் வேறு வேறு. மே 1-க்குள் ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும். உறவினர்களோ "அமெரிக்கா வரைக்கும் போய் ஆர்ட்ஸ் காலேஜா?" என்கிறார்கள்.

அந்தக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நம் ஊரில் ஆர்ட்ஸ் காலேஜ் என்றால் இன்ஜினியரிங்கும் மெடிக்கலும் கிடைக்காதவர் போகும் இடம் என்று ஒரு நினைப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பது இளங்கலை மாணவர்களை மட்டுமே மையமாக வைத்து நடக்கும், ஆயிரத்திலிருந்து மூவாயிரம் பேர் வரை படிக்கும் கல்லூரி. இயற்பியல், கணினி அறிவியல், உயிர்வேதியியல் எல்லாம் அங்கே உண்டு. வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், கார்ல்டன், கிரின்னல் போன்றவை இயற்பியல் படித்தவருக்கும் பிஏ பட்டமே தருகின்றன. அங்கே அதில் இழுக்கு எதுவும் இல்லை. பட்டதாரிகளில் எத்தனை சதவீதம் பேர் பிஎச்டி வரை போகிறார்கள் என்று கணக்கிட்டால் ஸ்வார்த்மோர், ரீட், ஹார்வி மட், கார்ல்டன், கிரின்னல் ஆகியவை பெரிய பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மேலே நிற்கின்றன. உறவினர்களுக்கு இது போதும்.

இனி நீங்கள் பார்க்க வேண்டியது. தரவரிசைப் பட்டியலை மூடி வையுங்கள். இந்தக் கல்லூரிகளுக்குள் எட்டாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் மகளின் நான்கு ஆண்டுகளில் எங்கேயும் தட்டுப்படாது. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் கணிதத் துறையில் அறுபது பேராசிரியர்கள் இருப்பார்கள். ஒருவர் விடுப்பில் போனாலும் இன்னொருவர் அந்தப் பாடத்தை எடுப்பார். சின்னக் கல்லூரியில் ஒரு துறை என்பது ஆறு பேரோ பத்துப் பேரோதான். அதில் இருவர் ஆராய்ச்சி விடுப்பில் போய்விட்டால் அந்த ஆண்டு இரண்டு மேல்நிலைப் பாடங்கள் நடக்காமல் போகும். ஆகவே பெயரளவில் நீங்கள் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாலும், உண்மையில் தேர்ந்தெடுப்பது பத்துப் பேர் கொண்ட ஒரு துறையை.

இதைச் சோதிக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஒவ்வொரு கல்லூரிக்கும் இரண்டு ஆவணங்கள் உண்டு. ஒன்று கேட்டலாக், அந்தத் துறை நடத்தக்கூடிய எல்லாப் பாடங்களும் அதில் இருக்கும். இன்னொன்று கோர்ஸ் ஷெட்யூல். இந்த செமஸ்டரில் உண்மையிலேயே நடக்கும் வகுப்புகள், எடுப்பவர் பெயர், நேரம், எத்தனை இடம் என்பது அதில் இருக்கும். கேட்டலாக்கை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம், ஏனென்றால் அதில் உள்ள பாடங்களில் சில மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட நடப்பதில்லை. கடந்த நான்கு செமஸ்டரின் ஷெட்யூலைத் தேடி எடுத்து, உங்கள் மகளையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: மேல்நிலைக் கணிதப் பாடங்களில் ரியல் அனாலிசிஸ் எத்தனை முறை நடந்தது, ஆப்ஸ்ட்ராக்ட் ஆல்ஜீப்ரா எத்தனை முறை, அவற்றின் இரண்டாம் பகுதி நடந்ததா, டோபாலஜி, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், நிகழ்தகவு எப்போது நடந்தன என்று. கணித பிஎச்டிக்கு மட்டுமல்ல, பொருளாதார பிஎச்டிக்கும் ரியல் அனாலிசிஸை எதிர்பார்க்கிறார்கள். அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறது என்றால், அவள் வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்கப் போகும் நேரத்தில் அது நடந்து முடிந்துவிட வாய்ப்புண்டு. கணிதம் படிக்கும் அமெரிக்க மாணவர்கள் விரும்பிப் போகும் புடாபெஸ்ட் செமஸ்டர்ஸ் திட்டம் 1985 முதல் நடக்கிறது; மேல்நிலைக் கணிதப் பாடங்கள் அங்கே ஏராளம். அதற்கு அனுப்பும்போது உதவித்தொகையும் கூடவே வருமா என்று ஒவ்வொரு கல்லூரியிலும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல். பிளஸ் டூவில் நுண்கணிதத்தை ஓரளவு முடித்தவர்கள், போன கையோடு, எந்த வகுப்பில் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் பிளேஸ்மென்ட் தேர்வில் நேராக மல்ட்டிவேரியபிள் கால்குலஸ் அல்லது லீனியர் ஆல்ஜீப்ராவில் போய் உட்காருவார்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பொதுவாகக் கிரெடிட் தரமாட்டார்கள், ஆனால் மேல் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். விளைவு, மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் அந்தத் துறையில் படிக்கப் பாடமே இல்லாமல் போகலாம். பெரிய பல்கலைக்கழகத்தில் இருந்தால் முதுகலை வகுப்புக்குப் போயிருப்பாள். இங்கே அந்தக் கதவு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பக்கத்துக் கல்லூரிகளிலும் பாடம் எடுக்க விடும் கூட்டமைப்பு முக்கியமாவது இந்த இடத்தில்தான். கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட்டில் பொமோனா, ஸ்கிரிப்ஸ், கிளேர்மான்ட் மெக்கென்னா, ஹார்வி மட், பிட்சர் ஐந்தும் மதில் ஒட்டி நிற்கின்றன; ஒரு வகுப்பு முடிந்து அடுத்த கல்லூரிக்கு நடந்தே போகலாம். மாசசூசெட்ஸில் ஆம்ஹெர்ஸ்ட், ஸ்மித், மவுன்ட் ஹோலியோக், ஹாம்ப்ஷயர், மாநிலப் பல்கலைக்கழகம் ஐந்துக்கும் இடையே பேருந்து ஓடுகிறது. பேருந்து என்றால் ஒரு வகுப்புக்காகப் போய்வர அரை நாள் போகும் என்று வையுங்கள். காகிதத்தில் எல்லாக் கூட்டமைப்பும் ஒன்றுபோலத் தெரியும். பேருந்து அட்டவணையையும் இரு கல்லூரிகளின் வகுப்பு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

உங்கள் மூன்றில் இந்த வகையில் மிக வலுவானது பிரின் மார். ஹாவர்ஃபோர்டு கல்லூரி அங்கிருந்து ஒரு மைல் தூரத்தில் இருக்கிறது, நாள் முழுக்கப் பேருந்து உண்டு, அங்கேயே ஒரு துறையை முதன்மைப் பாடமாக, அதாவது மேஜராக, எடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஸ்வார்த்மோரிலும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும்கூடப் பாடங்கள் எடுக்கலாம். இன்னொன்று, பிரின் மார் சின்னக் கல்லூரியாக இருந்தும் கணிதத்தில் பிஎச்டி வரை நடத்துகிறது. தகுதி வந்த இளங்கலை மாணவியை முதுகலை வகுப்பில் உட்கார வைப்பார்கள். பாடம் தீர்ந்துபோகும் சிக்கலுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. நாஜிகள் ஜெர்மனியில் வேலையைப் பறித்த பிறகு, நவீன இயற்கணிதத்துக்கு அடித்தளமிட்ட எம்மி நோத்தர் 1933-ல் வந்து சேர்ந்ததும் 1935-ல் இறக்கும்வரை கற்பித்ததும் இந்தக் கல்லூரியில்தான். அவருடைய அஸ்தி அங்கே பழைய நூலகத்தின் தாழ்வாரத்தடியில் இருக்கிறது. ஆப்ஸ்ட்ராக்ட் ஆல்ஜீப்ரா படிக்கப்போகும் பெண்ணுக்கு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மக்காலெஸ்டரில் கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல் மூன்றும் ஒரே துறை. இதன் நன்மை, புள்ளியியலும் டேட்டா சயின்ஸும் நல்ல பலத்தோடு இருக்கும். பொருளாதாரம் படிப்பவளுக்கு இது கைகொடுக்கும். கவனிக்க வேண்டியது, கணினி அறிவியலை நாடிக் கூட்டம் வரும்போது துறையின் ஆசிரியர் பலம் அந்தப் பக்கம் இழுக்கப்படலாம். தூய கணிதத்தின் மேல்நிலைப் பாடங்கள் எத்தனை நடக்கின்றன என்று ஷெட்யூலில் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

கிரின்னலில் பொதுக் கட்டாயப் பாடம் ஒன்றே ஒன்றுதான்: முதல் பருவ டியூட்டோரியல். மற்றதெல்லாம் மேஜரும், ஆலோசகரோடு உட்கார்ந்து தானே அமைத்துக்கொள்ளும் திட்டமும். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்கு இது வரம். தெரியாத பிள்ளை ஆலோசகர் சரியாக அமையாவிட்டால் இரண்டாண்டு அலையும். பேராசிரியரோடு சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிக்கு அங்கே எம்ஏபி என்று ஒரு திட்டம் இருக்கிறது. இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு: கோடைகாலத்தில் கணித ஆராய்ச்சி செய்ய அமெரிக்க மாணவர்கள் போகும் ஆர்இயூ திட்டங்கள் பெரும்பாலும் தேசிய அறிவியல் அறக்கட்டளைப் பணத்தில் நடப்பவை. அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை அட்டை உள்ளவர்களுக்கும் மட்டுமே. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவளுக்குப் பெரும்பாலானவற்றின் கதவு மூடியிருக்கும். ஆகவே கல்லூரியின் சொந்தப் பணத்தில் கோடை ஆராய்ச்சி உண்டா, வெளிநாட்டு மாணவர்களுக்கும் தருவார்களா, கடந்த கோடையில் கணிதத்திலும் பொருளாதாரத்திலும் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேளுங்கள். பிஎச்டி விண்ணப்பத்தில் அவளை நேரடியாக வேலை வாங்கிய ஒரு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்துக்கு ஈடு எதுவும் கிடையாது.

கடிதம் என்றதும் இன்னொன்று. துறையின் ஆசிரியர் பட்டியலில் "விசிட்டிங்" என்ற அடைமொழியோடு எத்தனை பேர் என்று பாருங்கள். அவர்கள் நன்றாகவே கற்பிக்கலாம், ஆனால் ஓரிரு ஆண்டில் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். நான்காம் ஆண்டில் கடிதம் எழுத ஆள் தேட வேண்டியிருக்கும். பத்தில் ஒருவர் இப்படி இருந்தால் இயல்பு. பத்தில் நான்கு பேர் என்றால் துறை தள்ளாடுகிறது.

அடுத்து காமன் டேட்டா செட். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே வடிவத்தில் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு இது. கல்லூரிப் பெயரோடு இந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். முப்பது பக்கத்துக்கு மேல் இருக்கும், நீங்கள் நான்கு இடத்தைப் பார்த்தால் போதும். பி பகுதியில் முதலாண்டு முடித்து இரண்டாமாண்டுக்குத் திரும்பியவர் சதவீதம் இருக்கும். இந்தத் தரத்துக் கல்லூரியில் 90-க்குக் கீழே இறங்கினால் ஏன் என்று கேட்க வேண்டும். எச்6 என்ற இடத்தில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேருக்கு உதவி கிடைத்தது, சராசரி எவ்வளவு என்று இருக்கும்; உங்கள் கையில் உள்ள கடிதத்தின் தொகை அதற்கு மேலா கீழா என்று அங்கே தெரிந்துவிடும். ஐ3-ல் வகுப்புகளின் அளவு. ஆசிரியர்–மாணவர் விகிதம் ஒன்பதுக்கு ஒன்று என்று விளம்பரத்தில் பார்த்து மயங்க வேண்டாம். அந்த விகிதத்தில் மூன்று பேர் உள்ள லத்தீன் வகுப்பும் முப்பத்தைந்து பேர் உள்ள பொருளாதார அறிமுக வகுப்பும் கலந்துகிடக்கின்றன. ஜே பகுதியில் எந்தத் துறையில் எத்தனை சதவீதம் பேர் பட்டம் வாங்கினார்கள் என்று இருக்கும். பொருளாதாரம் அதில் தனியாக வராது, சமூக அறிவியல் பிரிவுக்குள் அடங்கும்; அதைத் துறையிடமே கேளுங்கள். பட்டதாரிகளில் கால்வாசிப் பேர் பொருளாதாரம் என்றால் அங்கே மேல்நிலை வகுப்பில் இடம் பிடிக்க அடிதடி இருக்கும் என்று பொருள்.

இனி பணம். இதில்தான் அதிகப் பேர் தவறு செய்கிறார்கள், அந்தத் தவறும் மூன்றாம் ஆண்டில்தான் தெரிகிறது.

இந்தக் கல்லூரிகளில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து பட்டியல் விலை ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிடும். சிலவற்றில் 90,000-க்கும் மேல். உதவிக் கடிதத்தில் "கிராண்ட்", "ஸ்காலர்ஷிப்" என்று இருப்பதை மட்டும் பட்டியல் விலையிலிருந்து கழியுங்கள். "லோன்" திருப்பித் தர வேண்டிய பணம். "வொர்க்" என்று இருப்பது அவள் நூலகத்திலோ உணவகத்திலோ வேலை செய்து மாதாமாதம் சம்பாதிக்க வேண்டிய பணம். ஆகஸ்டில் கட்ட வேண்டிய பில்லில் அது கழியாது. எஃப்-1 மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யவும் கூடாது. கடிதத்தில் இல்லாத செலவுகளையும் கூட்டுங்கள்: மருத்துவக் காப்பீடு, விமானக் கட்டணம், புத்தகம், குளிர் உடை, விடுமுறையில் விடுதி மூடினால் தங்குமிடம்.

அதைவிட முக்கியமான கேள்வி, தரும் உதவி உங்கள் வசதியைப் பார்த்துத் தருவதா, மதிப்பெண்ணைப் பார்த்துத் தருவதா என்பது. வசதியைப் பார்த்துத் தருவதில், கட்டணம் ஏறும்போது உதவியும் பொதுவாகச் சேர்ந்து ஏறும். மதிப்பெண் பார்த்துத் தருவது பெரும்பாலும் நான்காண்டும் ஒரே தொகை. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆண்டுச் செலவு 80,000 டாலர், நிலையான ஸ்காலர்ஷிப் 45,000 என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டு நீங்கள் தர வேண்டியது 35,000. நான்கால் பெருக்கி 1,40,000 என்று நினைத்துக்கொள்வீர்கள். கட்டணம் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் செலவு அடுத்தடுத்து 83,200, 86,528, 89,989 என்று போகும். நான்காம் ஆண்டு உங்கள் பங்கு ஏறக்குறைய 45,000. நான்காண்டும் கூட்டினால் 1,59,717. அதாவது எதிர்பார்த்ததைவிட சுமார் 20,000 டாலர் அதிகம். இதற்கு மேல் ரூபாய் வேறு சரியும். 2015-ல் டாலர் 65 ரூபாயை ஒட்டி இருந்தது, 2024 முடிவதற்குள் 84-ஐத் தாண்டிவிட்டது. நான்காண்டுக் கணக்கில் இதையும் சேர்க்காமல் வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்காதீர்கள்.

நிதி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் நான்கு கேள்விகள் அனுப்பி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். கட்டணம் ஏறினால் கிராண்டும் ஏறுமா? நான்காண்டுக்கும் உறுதியா, அல்லது ஆண்டுதோறும் வருமானக் கணக்குக் காட்ட வேண்டுமா? குறைந்தபட்ச ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) நிபந்தனை உண்டா? குடும்பத்தில் வேலையிழப்போ நோயோ வந்தால் மறுபரிசீலனை செய்வார்களா? கடைசிக் கேள்விக்குச் சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் முடியாது என்று சொல்லும். சேரும்போது உதவி கேட்காதவர் பிறகு நான்காண்டும் கேட்க முடியாது என்ற விதியும் பல இடங்களில் உண்டு. "இப்போதைக்குக் கேட்க வேண்டாம், இடம் எளிதில் கிடைக்கும், உள்ளே போனபின் பார்த்துக்கொள்ளலாம்" என்று யோசனை சொல்லும் ஏஜென்டுகளிடம் மாட்டிக்கொண்டவர்கள் இதனால்தான் நடுவழியில் நிற்கிறார்கள்.

அந்தத் தொகை தாங்காது என்றால் மறுபரிசீலனை கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். ஆனால் "இன்னும் கொஞ்சம் போட்டுத் தாருங்கள்" என்று பேரம் பேசும் தொனி பலிக்காது. குடும்ப வருமான விவரம் தரும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் படிவத்தில் சொல்ல விட்டுப்போன செலவு இருந்தால், பாட்டியின் மருத்துவச் செலவோ தம்பியின் படிப்புச் செலவோ, ரசீதோடு அனுப்புங்கள். அதே தரத்துக் கல்லூரி கூடுதலாகக் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தையும் இணைக்கலாம். ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குள் அனுப்பினால்தான் மே 1-க்குள் பதில் வரும்.

வரியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது முதல் செமஸ்டர் பில்லில் திடீரென்று வந்து நிற்கும். கிராண்டில் டியூஷனுக்கும் கட்டாயக் கட்டணங்களுக்கும் புத்தகத்துக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. அதைத் தாண்டித் தங்குமிடம், சாப்பாட்டுக்குப் போகும் பகுதி எஃப்-1 மாணவருக்கு வருமானமாகக் கணக்கிடப்படும். 14 சதவீதம் பிடிப்பார்கள். 72,000 டாலர் கிராண்ட், அதில் வரியில்லாத பகுதி 68,000 என்றால், மீதி 4,000-க்கு 560 டாலர். அடுத்த ஆண்டு வரிக் கணக்கு 1040-என்ஆர் படிவத்தில் தாக்கல் செய்யும்போது, இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ம் பிரிவின்படி இந்திய மாணவர்கள் வருமானத்தில் ஒரு நிலையான தொகையைக் கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கோரலாம். மற்ற நாட்டு மாணவர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சலுகை இல்லை. பிடித்ததில் பெரும்பகுதியோ முழுவதுமோ திரும்பிவரும், ஆனால் முதலில் கையிலிருந்து கட்டியாக வேண்டும்.

பொருளாதாரம் படிக்கப்போகிறவளுக்கு இன்னொரு நுணுக்கம். அமெரிக்காவில் ஒவ்வொரு மேஜருக்கும் சிஐபி என்று ஒரு குறியீட்டு எண் உண்டு. பட்டம் வாங்கியபின் எஃப்-1 மாணவருக்கு ஓபிடி என்று 12 மாத வேலை அனுமதி. மேஜரின் எண் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம். பொதுவான பொருளாதாரத்தின் எண் 45.0601, அது ஸ்டெம் பட்டியலில் இல்லை. எக்கனாமெட்ரிக்ஸும் அளவியல் பொருளாதாரமும் சேர்ந்த எண் 45.0603, அது இருக்கிறது. ஒரே மாதிரி பாடத்திட்டத்தை ஒரு கல்லூரி முதல் எண்ணிலும் இன்னொன்று இரண்டாம் எண்ணிலும் பதிந்திருக்கும். ஓர் எண் வித்தியாசத்தில் இரண்டாண்டு வேலை அனுமதி போய்விடுகிறது. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினால் எண்ணைச் சொல்வார்கள். கணிதத்தையும் மேஜராக முடிப்பாள் என்றால் கவலை குறைவு, கணிதம் எப்படியும் ஸ்டெம்தான்.

மருத்துவம் பக்கம் மனம் மாறக்கூடும் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு: பெரும்பாலான அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை. மருத்துவப் படிப்புக்கு முன்தயாரிப்பு என்னும் "ப்ரீ-மெட்" என்ற சொல்லை நம்பிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். இன்ஜினியரிங் வேண்டுமென்றால் ஸ்வார்த்மோர், ஹார்வி மட், ஸ்மித், லாஃபயெட் போன்று இன்ஜினியரிங் பட்டத்தைத் தாமே தரும் சிலவற்றைப் பாருங்கள். மூன்றாண்டு இங்கே, இரண்டாண்டு வேறு பல்கலைக்கழகத்தில் என்னும் 3-2 திட்டத்தில் இரண்டாவது இடம் உதவித்தொகை தருமா என்பதற்குப் பெரும்பாலும் உறுதி கிடையாது.

வேறு கல்லூரிகளை வைத்து யோசிப்பவர்களுக்கு நாட்காட்டி பற்றி ஒரு வார்த்தை. கொலராடோ கல்லூரியில் ஒரு நேரத்தில் ஒரே பாடம், மூன்றரை வாரம். கள ஆய்வுக்கு அருமை. ஆனால் ரியல் அனாலிசிஸ் போல ஊறி ஊறிப் புரிய வேண்டிய பாடம் மூன்றரை வாரத்தில் எல்லோருக்கும் செரிக்காது. கார்ல்டனில் பத்து வாரத்தில் ஒரு பருவம், ஆண்டுக்கு மூன்று. பத்து நாள் காய்ச்சலில் படுத்தால் ஏழில் ஒரு பங்கு பாடம் போய்விடும். உங்கள் மூன்றும் வழக்கமான செமஸ்டர் முறை, ஆகவே இது உங்களைத் தொடாது.

ஊரைப் பற்றி நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. கிரின்னல் பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அயோவா மாநிலத் தலைநகரான டெமாய்ன் மேற்கே 55 மைல் தூரத்தில் இருக்கிறது, பயணிகள் ரயில் கிடையாது. வாழ்க்கை முழுக்க வளாகத்துக்குள்ளேயே நடக்கும். அதனால் நட்பு இறுக்கமாக அமையும், மனம் சோர்ந்தால் ஓடி ஒளிய இடமும் இருக்காது. மக்காலெஸ்டர் செயின்ட் பால் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. விமான நிலையம் பக்கம், பருவத்துக்கு நடுவிலேயே இன்டர்ன்ஷிப் போகலாம். வெளிநாட்டு மாணவர்களை வரவேற்பதில் பழக்கப்பட்ட கல்லூரி, ஐ.நா. பொதுச் செயலராக இருந்த கோஃபி அன்னான் 1961-ல் பட்டம் பெற்றது அங்கேதான். இரண்டு ஊரிலும் ஜனவரியில் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போகும் நாட்கள் உண்டு. பிரின் மாரிலிருந்து பிலடெல்ஃபியாவுக்கு ரயிலில் ஏறக்குறைய அரை மணி. அது பெண்கள் கல்லூரி. வகுப்பில் ஹாவர்ஃபோர்டு மாணவர்களும் இருப்பார்கள் என்றாலும் விடுதி வாழ்க்கை பெண்களுக்கானது. இதை "பாதுகாப்பு" என்று அப்பா நினைத்து முடிவு செய்வதைவிட, அவளுக்கே அது பிடிக்கிறதா என்று கேட்பது நல்லது. மூன்று கல்லூரியிலும் இப்போது படிக்கும் இந்திய மாணவர் ஒருவரோடு அவளைத் தனியாகப் பேசவிடுங்கள். குளிர்கால விடுமுறையில் எங்கே தங்கினாய், வெஜிடேரியன் சாப்பாடு வாரத்தில் எத்தனை நாள் சாப்பிடும்படி இருக்கிறது, உடம்புக்கு முடியாதபோது யார் கூட்டிப்போனார்கள் என்று கேட்கட்டும்.

கல்லூரி நிலைக்குமா என்ற பயமும் நியாயமானது. 1868-ல் தொடங்கிய வெல்ஸ் கல்லூரி 2024-ல் மூடப்பட்டது. ஸ்வீட் பிரையர் 2015-ல் மூடப்போவதாக அறிவித்தது, முன்னாள் மாணவிகள் போராடி மீட்டார்கள். மில்ஸ் 2022-ல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. உங்கள் மூன்றுக்கும் இந்த ஆபத்து இல்லை. கிரின்னலின் அறக்கட்டளை நிதி 200 கோடி டாலருக்கு மேல், மற்ற இரண்டும் உறுதியானவை. பெயர் தெரியாத கல்லூரி ஒன்று கட்டணத்தில் பெரும் தள்ளுபடி தருகிறது என்றால் மட்டும், அமெரிக்கக் கல்வித் துறை வெளியிடும் நிதிப் பொறுப்பு மதிப்பெண்ணைப் பாருங்கள். மைனஸ் 1 முதல் 3 வரை போகும் அளவுகோல் அது, 1.5-க்குக் கீழே என்றால் விலகிவிடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். நான்காண்டுக் கூட்டுத்தொகையில் மூன்றுக்கும் வித்தியாசம் 15,000 டாலருக்குள் இருந்தால் பிரின் மார், கணிதம் அவளுக்கு உண்மையான ஆசை என்றால். முதுகலை வகுப்பும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் எட்டும் தூரத்தில் இருப்பது மற்ற இரண்டுக்கும் இல்லாதது. கணிதத்தைவிடப் பொருளாதாரமும் புள்ளியியலும் அவளை இழுக்கிறது, படித்ததும் இரண்டாண்டு வேலை பார்க்க எண்ணம் என்றால் மக்காலெஸ்டர். கிரின்னல் மற்ற இரண்டைவிட ஆண்டுக்கு ஏழெட்டாயிரம் டாலர் அதிகமாகத் தந்தால் யோசிக்காமல் கிரின்னல். கடனில்லாமல் முடித்த பட்டம்தான் அவளை பிஎச்டிக்குப் போகவிடும். கடன் இருந்தால் முதல் சம்பளத்தைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

முடிவெடுத்தபின் டெபாசிட்டை ஒரே கல்லூரிக்கு மட்டும் கட்டுங்கள். இரண்டு இடத்தில் கட்டிவைப்பது தெரிந்தால் இரண்டுமே இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் வேண்டாம் என்று அன்றே எழுதிவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் உள்ள வேறொரு பிள்ளைக்கு வழி திறக்கும். பிறகு பேங்க் கணக்குச் சான்றிதழைக் காட்டி, விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தை வாங்கி, மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர் கட்டி, சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் பிடிக்க வேண்டும். விசா அதிகாரி இந்தக் கல்லூரியின் பெயரைக் கேள்விப்படாதவராக இருக்கலாம். "ஏன் இந்தக் கல்லூரி" என்றால், எந்தப் பாடம், யாருடைய ஆராய்ச்சி, எவ்வளவு உதவித்தொகை என்று இரண்டே வாக்கியத்தில் அவள் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். ஷெட்யூலைத் தானே தோண்டிப் பார்த்த பெண்ணுக்கு அது தானாக வரும்.

பாஸ்போர்ட்டை இப்போதே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், பெயர் முழுவதும் கீழ்க்கட்டத்தில் இருக்கும். அப்படியே விட்டால் அமெரிக்க விசாவில் அவள் பெயர் குடும்பப் பெயராக ஏறி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகிவிடும். அது ஓட்டுநர் உரிமம், பேங்க் கணக்கு, சம்பளச் சீட்டு என்று நான்காண்டும் கூடவே வரும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மாற்றுவதானால் ஐ-20 கேட்பதற்கு முன்பே மாற்றிவிட்டு, புதிய பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே எழுத்துப் பிசகாமல் கல்லூரிக்கும் அனுப்புங்கள்.